வன்னிப் பாதைக்கு எந்தச் சைக்கிள்?

2022இல் எரிபொருள் வரிசைகளில் நின்று களைத்த நாட்களுக்குப் பிறகு எங்கள் பக்கம் சைக்கிள்கள் மீண்டும் கூடிவிட்டன. அவற்றில் ஒரு பங்கு 'மவுண்டன் பைக்'. தடித்த ரயர், முன்னுக்கு ஷொக், இருபத்தொரு கியர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விடுமுறை நாட்களில் பொடியன்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து குளக்கட்டு, வாய்க்கால் கரை, காட்டோர வண்டில் பாதை என்று போகிறார்கள். நானும் சில வருடங்களாக அப்படி ஓடுகிறவன் என்பதால், "அண்ணா, எதை வாங்கலாம்?" என்று கேட்பார்கள். எங்கே ஓடப் போகிறாய் என்பதுதான் என் முதற் கேள்வி.

மலையே இல்லாத ஊரில் மவுண்டன் பைக் எதற்கு என்று பகிடி பண்ணுவோர் உண்டு. எங்கள் அப்பாமார் பொருளாதாரத் தடைக் காலத்தில் லுமாலாவில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு இதே பாதைகளால் போனவர்கள்தானே என்பார்கள். போனார்கள். டைனமோவைச் சுற்றி ரேடியோவும் கேட்டார்கள். ஆனால் மணல் வந்ததும் இறங்கி உருட்டினார்கள். ஒன்றரை அங்குல ரயர் மணலில் கத்தி மாதிரி இறங்கும். உருட்டப் பொறுமை இல்லாதவர் என்ன செய்வார்? பாதையோரத்தில் புல் பிடித்த, இறுகிய நிலத்துக்குச் சைக்கிளை ஒடிப்பார். நான் பயப்படுவது அந்த ஒரு ஒடிப்புக்குத்தான். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மண். வன்னியில் ஒரே நாளில் செம்மண், கிரவல், களி, மணல் நான்கிலும் ஓட வேண்டிவரும். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும் மாரியில் களிப்பக்கம் போகவே கூடாது. சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையில் களி அடைந்து சைக்கிள் உருளாது. அதோடு ஈரமான குளக்கட்டில் நாலு சைக்கிள் ஓடினால் பள்ளம் விழும். அடுத்த மழைத்தண்ணி அந்தப் பள்ளத்தால் கட்டை அரிக்கும். அது விவசாயியின் கட்டு. மாசி, பங்குனிதான் எனக்குப் பிடித்த காலம். மண்ணில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும், மணலும் இறுகியிருக்கும். சோளகம் தொடங்கிவிட்டால் அதே பாதை மாவாகிவிடும்.

இந்த நிலத்துக்கு ஷொக்கை விட ரயர் முக்கியம். 2.2 அங்குல அகலமாவது வேண்டும். 27.5 அங்குலமோ 29 அங்குலமோ, பெரிய சில்லு மணலில் கொஞ்சம் இலகுவாக உருளும். ஆனால் உங்கள் ஊர்க் கடையில் எந்த அளவு ரயரும் ரியூப்பும் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். காற்றைக் கல்லு மாதிரி அடிப்பதுதான் எங்கள் பழக்கம். வீதிக்கு அது சரி. மணலுக்கு 25 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் ரயர் பரந்து மிதக்கும். அதற்கும் நன்றாகக் குறைத்தால் கல்லில் ஏறும்போது ரியூப் ரிம்மில் நசிந்து இரண்டு ஓட்டை விழும்.

முள்ளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உடை, விடத்தல் எல்லாம் உண்டு, ஆனால் காற்றை அதிகம் இறக்குவது தரையோடு கிடக்கும் நெருஞ்சிதான். அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துச் சைக்கிளோட்டிகளையும் இதே செடிதான் வாட்டுகிறது என்று அறிந்தபோது ஒரு சின்ன ஆறுதல். பழைய ரியூப்பை நீளத்துக்கு வெட்டி ரயருக்குள் விரிப்பது நம்மவர்களின் பழைய வேலை. பாரம் கொஞ்சம் கூடும், ஆனால் பலன் உண்டு.

இனிச் சைக்கிள். வெளிநாடுகளில் 'ட்ரெயில் பைக்' என்று விற்பவற்றில் ஷொக் 120 முதல் 150 மில்லிமீற்றர் வரை அமுங்கும். அது கல்லும் வேரும் நிறைந்த மலைச்சரிவுக்கு. இங்கே முன்னுக்கு மட்டும் 100 இருந்தால் தாராளம். பின்னுக்கும் ஷொக் வைத்த மலிவுச் சைக்கிளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். பார்க்க மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கும். நீங்கள் மிதிக்கும் பலத்தில் ஒரு பகுதியை ஸ்பிரிங் தின்னும், புழுதி போய் மூட்டுகள் ஆடத் தொடங்கும். களியிலும் பிடிப்பதால் டிஸ்க் பிறேக் நல்லது. அதிலும் கேபிளில் இயங்குவதே எங்களுக்குப் பொருத்தம். ஒயில் பிறேக் பழுதானால் ஊர்க் கடையில் செய்விப்பது கஷ்டம். பாருக்கு மேலால் கால் போட்டு நின்றால் இரண்டு அங்குல இடைவெளியாவது இருக்க வேண்டும். தம்பிக்கும் உதவும் என்று பெரிய சட்டம் வாங்கினால் மணலில் சட்டென்று காலூன்ற முடியாது.

காலூன்றுவது என்றதும் அந்த ஒடிப்புக்கு வருகிறேன். வேறு நாடுகளில் புதுத் தடம் பிடிப்பதுதான் இந்த விளையாட்டின் சுகம். யூரியூப்பில் பார்த்துவிட்டு எங்கள் பொடியன்களும் பற்றைக்குள் விடுகிறார்கள். 2009இற்குப் பிறகு பிறந்தவர்கள் இப்போது காட்டுக்குள் ஓடும் வயதுக்கு வந்துவிட்டார்கள். மீள்குடியேற்ற காலத்தில் பாடசாலைகளில் நடந்த மிதிவெடி விழிப்புணர்வு வகுப்புகளில் இருந்தவர்கள் அல்ல இவர்கள். சிவப்புப் பலகையும் மண்டையோடும் இவர்களுக்கு ஊர்க் காட்சியில் ஒன்று.

இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றி முடிக்க வேண்டிய தவணை 2028 யூன். ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் அமைப்புகள் பெரும் நிலப்பரப்பைத் துப்புரவாக்கியிருக்கின்றன. கையளிக்கப்பட்டு, சனம் குடியிருந்து தோட்டம் செய்யும் நிலத்தில் பயமில்லாமல் ஓடலாம். நான் தவிர்ப்பது பழைய முன்னரங்குகளை அண்டிய பற்றைகளை. முகமாலையில் 2000இலிருந்து 2008 வரை முன்னரங்கு பெரும்பாலும் ஒரே கோட்டில் நின்றது. அப்படியான இடத்தில் எவ்வளவு புதைந்திருக்கும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியும். பிளாஸ்ரிக் உறை உக்குவதில்லை. வெள்ளம் வெடியை இடம் மாற்றும். சில கிலோ அழுத்தம் போதும். சைக்கிளும் ஆளும் எண்பது கிலோ வரும்.

அதனால் என் கணக்கு இதுதான்: மணலிலும் தடத்தை விட்டு இறங்காமல் உங்களைக் கொண்டுபோகும் சைக்கிளே நல்ல சைக்கிள். அகன்ற ரயரும் பிடிக்கிற பிறேக்கும் அதற்காகத்தான். புது இடத்துக்குப் போகுமுன் மாடு சாய்ப்பவரிடமோ தேன் எடுக்கப் போகிறவரிடமோ கேளுங்கள். இன்றைக்கு எந்தப் பாதையால் போய் வந்தார் என்பது கூகுள் வரைபடத்தில் இல்லை. சாணமும் உழவு இயந்திரத் தடமும் புதிதாகத் தெரிந்தால் அது ஓடுகிற பாதை. சிறுநீர் கழிக்கவும் பற்றைக்குள் இறங்காதீர்கள். யானைக்காகப் பின்னேரம் நாலரைக்குள் திரும்புங்கள்.

சந்தேகமான எதையாவது கண்டால் தொட வேண்டாம், கல் எறிய வேண்டாம், படம் எடுக்கக் கிட்டப் போக வேண்டாம். சைக்கிளைத் திருப்ப ஓரத்தில் இடம் தேடாமல், வந்த சில்லுத் தடத்திலேயே பின்னுக்கு உருட்டி வெளியே வந்து, கிராம அலுவலருக்கோ 119இற்கோ சொல்லுங்கள்.