பெயர் பதிவேட்டில் இருந்தால் போதுமா?



பிசியோதெரபி அறைக்கு வெளியே ஒரு தாயார் தம் ஒன்பது வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூளை முடக்குவாதத்தால் பிள்ளைக்குக் கைகால்கள் இறுகியிருந்தன. "பள்ளிக்கூடம் போகிறாளாம்மா?" என்று கேட்டேன்.

"சேத்துக்கிட்டாங்க ஐயா. கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பா. பரீட்சைக்கு மட்டும் வர வேண்டாம்னுட்டாங்க."

பிள்ளையோ எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியில் சேர்த்துக்கொள்வது ஒன்று. உள்ளடக்கிய கல்வி வேறொன்று. சிறப்புக் கல்வி என்றதும் தனிக் கட்டிடத்தையே நாம் நினைக்கிறோம். அதற்குக் காரணமும் உண்டு. 1890களிலேயே பாளையங்கோட்டையில் மிஷனெரி அம்மையார்களான ஆஸ்க்வித் பார்வையற்ற பிள்ளைகளுக்கும், சுவேன்சன் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். பிரெயிலும் சைகை மொழியும் நன்கறிந்த ஆசிரியர்கள் உள்ள அத்தகைய பள்ளிகளின் தேவை இன்றும் தீரவில்லை. ஆனாலும் அந்தக் கல்வியைச் சாதாரண வகுப்பறைக்குள்ளும் கொண்டுவரலாம்.

எப்படியெனில், சிறப்பாசிரியரும் வகுப்பாசிரியரும் பெற்றோரும் கூடி உட்கார்ந்து அந்த ஒரு பிள்ளைக்கென்று தனித் திட்டம் எழுதுகிறார்கள். இன்று அவளால் என்ன முடிகிறது, அடுத்து எதைக் கற்க வேண்டும், எது தடை செய்கிறது என்று பார்க்கிறார்கள். சில மாதங்கள் கழித்துத் திட்டத்தைத் திருத்துகிறார்கள். பல நேரங்களில் தேவைப்படுவது சிறு மாற்றமே. பார்வை மங்கிய பிள்ளைக்கு முன்வரிசையும் பெரிய எழுத்தும் வேண்டும். காது மந்தமான பிள்ளை இருக்கும் வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசக்கூடாது. உதட்டசைவு தெரிய வேண்டும். (தாளைப் பார்த்தே பிரசங்கிக்கும் எனக்கும் இது பொருந்தும்.)

சட்டமும் துணை நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு; அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ படிக்கலாம். தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஒருவரும் தரவும் அச்சட்டம் வழிசெய்கிறது. "வர வேண்டாம்" என்பதற்கு அதில் இடமில்லை.

இதையெல்லாம் எழுதி, மருத்துவரின் சான்றிதழோடு தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினோம். முழங்கை உயரத்தை அளந்து, தச்சரிடம் சொல்லி ஒரு சாய்வு மேசையும் செய்வித்தோம்.

அடுத்த முறை வந்தபோது அவள் இரண்டாம் பெஞ்சுக்கு வந்திருந்தாள். காலாண்டுத் தேர்வில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினாராம். கணக்கில் 43 மதிப்பெண். தாயாருக்கு அது போதவில்லை; இன்னும் வாங்கியிருக்கலாம் என்று பிள்ளையைக் கடிந்துகொண்டார்.