களவு போகும் வாகன உதிரிப்பாகங்கள்

கொழும்பில் வீதியோரம் நிறுத்தப்படும் கார்களின் பக்கக் கண்ணாடிகளைப் பட்டப்பகலிலேயே கழற்றிச் செல்லும் துணிவு திருடர்களுக்கு எங்கிருந்து வருகிறது? அவற்றை வாங்குவதற்கு ஆளிருக்கிறது என்ற நம்பிக்கையே அதற்குக் காரணமாகும்.

2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இதற்கிடையில், 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. பழைய வாகனங்களையே பேணவேண்டிய நிலையில், புதிய உதிரிப்பாகங்களின் விலைக்கு ஈடுகொடுக்க இயலாதோர் பாவித்த பாகங்களை நாடினர். அக்கேள்வி திருடர்களுக்கும் வாய்ப்பாயிற்று.

இயந்திரத்துக்கும் செசிக்கும் பதிவு செய்யப்பட்ட தனி இலக்கங்கள் உண்டு. கண்ணாடிக்கோ மின்விளக்குக்கோ அவ்வாறில்லை. எனவே, பொலிஸார் அவற்றைக் கைப்பற்றினாலும் உரிமையாளர் யாரென நிரூபிப்பது கடினம். திருட்டுப் பொருளென அறிந்தே வாங்குவதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமே. ஆயினும் அதனை நிரூபிப்பதற்கு, விற்றவர் யாரென்ற பதிவு வேண்டும்.

பாவித்த பாகங்களை வாங்கும் ஒவ்வொரு கடையிலும் விற்பவரின் அடையாள அட்டை இலக்கம் பதியப்படுவதை அதிகாரிகள் உறுதிப்படுத்த வேண்டும். வாகன உரிமையாளர்கள் கண்ணாடியில் வாகன இலக்கத்தைப் பொறித்து வைப்பது நன்று. பற்றுச்சீட்டின்றி மலிவாகக் கிடைக்கும் பாகத்தை வாங்குபவர், நாளை தமது வாகனத்திலும் திருடர் கைவைப்பதற்கு வழிசெய்கிறார் என்பதை மறக்கலாகாது.