சாதகம் (இசை)

சாதகம் என்பது இசைக் கலைஞர் ஒருவர் தமது குரலையோ கருவியையோ வயப்படுத்துவதற்காக நாள்தோறும் ஒழுங்காகச் செய்யும் பயிற்சி ஆகும். கருநாடக இசையில் இச்சொல் பெருவழக்காக உள்ளது. இந்துத்தானி இசையில் இதனை ரியாசு என்பர். ஆசிரியரிடம் பாடம் கேட்பது கற்றல் எனப்படும். கேட்ட பாடத்தைத் தனித்திருந்து பலமுறை பாடியோ வாசித்தோ தன்வயமாக்குவதே சாதகம் எனப்படும். எவ்வளவு நேரம் பயில்வது என்பதுடன், எவ்வாறு பயில்வது, எத்தகைய மனப்பாங்குடன் பயில்வது என்பனவும் இதில் அடங்கும்.

அடிப்படைப் பாட வரிசை

கருநாடக இசையின் தொடக்கப் பாடங்களை ஒழுங்குபடுத்தியவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபுவழிச் செய்தி. அவ்வரிசை பின்வருமாறு அமைகிறது.

- சரளி வரிசை: சுரங்களை ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் நேராகப் பாடுதல்.
- சண்டை வரிசை: ஒவ்வொரு சுரத்தையும் இரட்டித்து, இரண்டாவதற்கு அழுத்தம் கொடுத்துப் பாடுதல்.
- அலங்காரம்: துருவம், மட்டியம், ரூபகம், சம்பை, திரிபுடை, அட, ஏகம் ஆகிய ஏழு தாளங்களில் சுரக் கோவைகளைப் பாடுதல்.
- கீதம், சுரசதி, வருணம்: சொல்லும் சுரமும் இணைந்த உருப்படிகளைப் பாடுதல்.

முதற் பாடங்கள் 15ஆவது மேளகர்த்தா இராகமாகிய மாயாமாளவகௌளையில் அமைந்துள்ளன. இதற்குத் தகுந்த காரணம் உண்டு. இவ்விராகத்தில் சட்சத்துக்கும் ரிசபத்துக்கும் இடையே அரைச்சுர இடைவெளியும், ரிசபத்துக்கும் காந்தாரத்துக்கும் இடையே மூன்று அரைச்சுர இடைவெளியும், காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே மீண்டும் ஓர் அரைச்சுர இடைவெளியும் உள்ளன. பஞ்சமம் முதல் மேல் சட்சம் வரையிலும் இதே இடைவெளிகள் அதே வரிசையில் வருகின்றன. ஆகவே முற்பாதியில் பழகியதை மாணவர் பிற்பாதியிலும் பயன்படுத்தலாம். மிகக் குறுகிய இடைவெளி, மிக அகன்ற இடைவெளி ஆகிய இரண்டும் தொடக்கத்திலேயே காதுக்குப் பழக்கமாகி விடுகின்றன.

சாதக முறைகள்

சுருதி சேர்த்தல்: சாதகம் தம்புராவின் சுருதியோடு தொடங்குகிறது. இன்று மின்னணுச் சுருதிப் பெட்டியும் கைப்பேசிச் செயலிகளும் தம்புராவின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துள்ளன. ஒரே சுரத்தை நீண்ட நேரம் நிறுத்திப் பாடுவது மூச்சைச் சீராக்கும். சுருதி விலகலை உடனே காட்டிக் கொடுக்கும்.

அகார சாதகம்: சுரப் பெயர்களைச் சொல்லாமல், 'ஆ' என்னும் உயிரொலியில் மட்டும் பாடும் பயிற்சி இது. சுரப் பெயரின் துணை இல்லாததால் ஒலியின் தூய்மையில் மட்டுமே கவனம் நிற்கிறது. விடியற்காலையில் கீழ்த்தாயியில் அகார சாதகம் செய்வது பழைய வழக்கம்.

மூன்று காலம்: ஒரு வரிசையை முதற் காலத்தில் பாடி, வேகத்தை இரட்டித்து இரண்டாம் காலத்திலும், மேலும் இரட்டித்து மூன்றாம் காலத்திலும் பாடுவர். எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டு சுரம், நான்கு சுரம் என இது வளரும். இங்கு தாளத்தின் நடை மாறுவதில்லை. அதனுள் அடங்கும் சுரங்களின் எண்ணிக்கையே பெருகுகிறது. முதற் காலத்தில் மறைந்திருந்த குறைகள் மூன்றாம் காலத்தில் வெளிப்படும். அக்குறைகளை நீக்க மீண்டும் முதற் காலத்துக்குத் திரும்ப வேண்டும்.

சொற்கட்டு: மிருதங்கமும் தவிலும் பயில்வோர் 'த தீ தொம் நம்' முதலிய சொற்கட்டுகளை வாயால் சொல்லிப் பழகிக் கையால் வாசிக்கின்றனர். வாயில் தெளிவாக வராத சொல் கையிலும் தெளிவாக வராது என்பது இம்முறையின் அடிப்படை. இதுவே கொன்னக்கோல் என்னும் தனிக் கலையாகவும் வளர்ந்தது.

கேள்வி ஞானம்: பிறர் பாடுவதையும் வாசிப்பதையும் ஊன்றிக் கேட்பதால் பெறும் அறிவு இப்பெயரால் வழங்கும். கமகங்களைச் சுரக் குறிப்பில் முழுமையாக எழுதிவிட முடியாது. எட்டயபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் நூலில் கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடுகளை வகுத்தார். அத்தகைய நூலைப் பயன்படுத்துவதற்கும் கேட்டுப் பழகிய காது தேவைப்படுகிறது.

திருவில்லிப்புத்தூர், இராசபாளையம் வட்டார மரபுகள்

விருதுநகர் மாவட்டத்தில் மதுரை – கொல்லம் சாலையில் அடுத்தடுத்து அமைந்துள்ள திருவில்லிப்புத்தூரும் இராசபாளையமும், சாதகத்தின் வெவ்வேறு முகங்களை அறிய உதவும் வட்டாரத்தில் உள்ளன.

திருவில்லிப்புத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய ஊர். இங்குள்ள கோயிலில் அரையர் சேவை இன்றும் நிகழ்கிறது. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி ஆகிய தலங்களிலும் இம்மரபு உள்ளது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் தம் மருமக்களாகிய மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான் ஆகியோருக்குப் பாசுரங்களை இசையோடு பயிற்றுவித்தார் என்றும், அவர்கள் வழியில் வந்தவர்களே அரையர்கள் என்றும் வைணவ மரபு கூறுகிறது. கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, பாசுரத்தை இசையோடு பாடி, பொருளுக்கேற்ப அபிநயம் காட்டி, உரையும் சொல்வது அரையர் சேவையின் அமைப்பு. மார்கழியில் நடைபெறும் பகல் பத்து, இராப் பத்து விழாக்கள் இதற்குச் சிறப்பானவை.

பயிற்சி முறை என்னும் நோக்கில் அரையர் மரபு மூன்று வகைகளில் கருதத்தக்கது. முதலாவதாக, இது குடும்பத்துக்குள்ளேயே தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகச் செல்கிறது. இரண்டாவதாக, பாசுரம், தாளம், அபிநயம், உரை ஆகிய நான்கும் ஒருவரிடமே ஒன்றுகூட வேண்டியிருப்பதால் பயிற்சி நீண்ட காலம் நடைபெறுகிறது. மூன்றாவதாக, ஆண்டுதோறும் அதே நாட்களில் அதே பகுதிகளை நிகழ்த்த வேண்டியிருப்பதால், கற்றது மறவாமல் காக்கும் கால ஒழுங்கு விழாவிலேயே அமைந்துவிடுகிறது. ஆயினும் இம்மரபு மிகச் சில குடும்பங்களில் மட்டுமே எஞ்சியுள்ளது. வாய்மொழியை நம்பிய கலையில் ஒரு தலைமுறை பயிற்சியைக் கைவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்க ஆள் இருக்காது. எழுத்தில் எஞ்சும் பாசுரத்தைக் கொண்டு இசையையும் அபிநயத்தையும் மீட்பது அரிது.

ஆண்டாளின் திருப்பாவை கச்சேரி மேடையில் வேறொரு வடிவம் பெற்றது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் (1890–1967) அதன் முப்பது பாடல்களுக்கும் இராகம் அமைத்தார். முதற் பாடல் நாட்டை இராகத்தில் அமைந்தது. எம். எல். வசந்தகுமாரி (1928–1990) இவற்றைப் பாடிய இசைத்தட்டுகள் பரவலாக அறியப்பட்டன. மார்கழி மாதம் முழுவதும் நாளுக்கு ஒரு பாடலாகப் பாடும் வழக்கம், இசை பயிலும் சிறாருக்கு ஒரு நல்ல பயிற்சித் திட்டமாகவும் பயன்படுகிறது. ஒரு நாளின் பாடல் சிறிய அளவினது. ஆனால் மாத முடிவில் பல இராகங்கள் அறிமுகமாகி விடுகின்றன.

இராசபாளையத்துக்குத் தெற்கே, சங்கரன்கோவில் பக்கத்தில் உள்ள சென்னிகுளம் 19ஆம் நூற்றாண்டில் காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரின் ஊராகும். காவடி எடுத்து நடப்போரின் அடியெடுப்பும் ஆட்டமுமே இப்பாடல்களுக்குத் தாளமாக அமைவதால், இவற்றைக் கேட்டு உடன் பாடுவோர் தாள அறிவை உடல் அசைவின் வழியாகவே பெறுகின்றனர். இலக்கணம் கற்பதற்கு முன்பே நடை பழகிவிடுதல் நாட்டார் இசையின் பயிற்சி முறையாகும்.

நிறுவனவழிக் கல்வியில், தமிழக அரசின் மாவட்ட இசைப் பள்ளிகள் குரலிசை, நாதசுரம், தவில், வயலின், மிருதங்கம் முதலிய பாடங்களைக் கற்பிக்கின்றன. இங்கு வகுப்பு நேரம் வரையறைக்கு உட்பட்டது. குருகுல மாணவர் நாள் முழுவதும் ஆசிரியரின் காதுக்கு எட்டும் தொலைவில் பயின்றார். பள்ளி மாணவரோ வீட்டில் தனியே பயில வேண்டியுள்ளது. எனவே தன் பிழையைத் தானே கேட்டு அறியும் திறன் அவருக்குக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மனப்பாங்கு

இசைத்திறன் பிறவியிலேயே வாய்ப்பதா, உழைப்பால் வருவதா என்பது நெடுங்காலக் கேள்வி. புல்லாங்குழல் கலைஞர் டி. ஆர். மகாலிங்கம் (1926–1986), மாண்டலின் கலைஞர் உ. சீனிவாசு (1969–2014) ஆகியோர் சிறு வயதிலேயே மேடையேறியவர்கள். இதற்கு மாறான எடுத்துக்காட்டாகச் செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) குறிப்பிடப்படுகிறார். அவரது குரல் இயல்பில் இனிமையானதாகக் கருதப்படவில்லை. கடும் சாதகத்தால் அக்குரலைப் பண்படுத்திய அவர், 1947இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவருடைய ஆசிரியர்களுள் ஒருவரான திருவிடைமருதூர் சகாராம ராவ் பாடகர் அல்லர், கோட்டுவாத்தியக் கலைஞர். கருவியில் கேட்ட கமகங்களைக் குரலில் கொண்டுவர முயல்வதே அங்கு பயிற்சியாக அமைந்தது.

அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் 2006இல் வெளியிட்ட நூலில், திறமை மாறாதது என்று கருதும் மனப்பாங்கையும், முயற்சியால் வளரக்கூடியது என்று கருதும் மனப்பாங்கையும் வேறுபடுத்தினார். முன்னதைக் கொண்டோர் பிழையைத் தம் இயலாமைக்குச் சான்றாகவும், பின்னதைக் கொண்டோர் அடுத்துச் செய்ய வேண்டியதைக் காட்டும் குறிப்பாகவும் கொள்கின்றனர் என்பது அவர் கருத்து. எனினும், மனப்பாங்கை மட்டும் மாற்றுவதால் விளையும் பயன் பொதுவாகச் சிறிதே எனப் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. நல்ல மனப்பாங்கு நல்ல பயிற்சி முறையோடு சேரும்போதே பயன் தரும் எனக் கொள்ளலாம்.

பயிற்சி பற்றிய ஆய்வுகள்

1993இல் ஆண்டர்சு எரிக்சன் குழுவினர் பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களை ஆய்ந்தனர். 18 வயதுக்குள் மிகச் சிறந்த மாணவர்கள் சராசரியாக 7,410 மணி நேரமும், அடுத்த நிலையினர் 5,301 மணி நேரமும், இசை ஆசிரியப் பயிற்சியில் இருந்தோர் 3,420 மணி நேரமும் தனித்துப் பயின்றிருந்தனர். இவ்வாய்விலிருந்தே, 10,000 மணி நேரம் பயின்றால் எவரும் வல்லுநராகலாம் என்ற கருத்து 2008க்குப் பின் பரவியது. ஆனால் எரிக்சன் அவ்வாறு கூறவில்லை. குறிக்கோள், முழுக் கவனம், உடனுக்குடன் திருத்தம் ஆகியவை கொண்ட பயிற்சியையே அவர் வலியுறுத்தினார்.

2014இல் வெளிவந்த தொகுப்பாய்வு, இசைத்திறன் வேறுபாட்டில் ஏறத்தாழ 21 விழுக்காட்டையே பயிற்சியின் அளவு விளக்குகிறது எனக் கண்டது. 2019இல் பெர்லின் ஆய்வு வேறு வயலின் கலைஞர்களிடம் மீண்டும் செய்யப்பட்டபோது, மிகச் சிறந்தோர்க்கும் அடுத்த நிலையினர்க்கும் இடையே பயிற்சி நேரத்தில் அவ்வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே பயிற்சி இன்றியமையாதது எனினும், அது மட்டுமே போதுமானது என்று கூற இயலாது.

பயிலும் முறை பற்றித் தெக்சாசில் நடந்த 2009ஆம் ஆண்டு ஆய்வு குறிப்பிடத்தக்கது. 17 பியானோ மாணவர்கள் ஒரு சிறு பகுதியைப் பயின்று மறுநாள் வாசித்தனர். பயின்ற நேரமோ, திரும்ப வாசித்த தடவைகளோ மறுநாள் வாசிப்பின் தரத்தோடு தொடர்புற்றிருக்கவில்லை. சிறந்து வாசித்தோர் பிழை நேர்ந்த இடத்தை உடனே இனங்கண்டு, வேகத்தைக் குறைத்து, அது சரியாகும் வரை அப்பகுதியை மட்டும் பயின்றிருந்தனர். பிழையைக் கவனியாமல் தொடக்கத்திலிருந்து மீண்டும் மீண்டும் வாசிப்பவர், அப்பிழையையும் சேர்த்தே மனனம் செய்கிறார்.

பயன்தரும் பழக்கங்கள்

- நாள்தோறும் குறித்த நேரத்தில் பயிலுதல். வாரத்தில் ஒரு நாள் நெடுநேரம் பயில்வதைவிட நாளுக்குச் சிறிது நேரம் பயில்வது நினைவில் நன்கு தங்கும்.
- அன்றைய இலக்கைச் சிறியதாக வரையறுத்தல். ஒரு வருணம் முழுவதையும் விட, அதில் வழுக்கும் ஒரு சுரக் கோவை சிறந்த இலக்காகும்.
- வேகத்தைக் குறைத்துப் பிழையின்றிப் பாடிய பின்னரே அடுத்த காலத்துக்குச் செல்லுதல்.
- தம் பாட்டைப் பதிவு செய்து கேட்டல். பாடும்போது காதுக்குத் தப்பும் சுருதி விலகல் பதிவில் தெளிவாகும்.
- பாடங்களை மாற்றி மாற்றிப் பயிலுதல். இதனால் பயிலும்போது தடுமாற்றம் மிகுந்தாலும், பின்னர் நினைவு உறுதியாக நிற்கும் எனச் செயல்திறன் பற்றிய ஆய்வுகள் கூறுகின்றன.
- குரலையும் கருவியையும் விட்டு, மனத்துக்குள் பாடிப் பார்த்தல்.

உடல்நலமும் ஓய்வும்

மிகையான பயிற்சி தீங்கும் தரலாம். செருமானிய இசையமைப்பாளர் இராபர்ட்டு சூமான் (1810–1856) இளமையில் வலக்கை விரல்கள் செயல்திறன் குன்றியதால் பியானோ கலைஞராகும் நோக்கத்தைக் கைவிட நேர்ந்தது. குரல் கம்மியிருக்கும்போது உரத்துப் பாடுவது குரல் நாண்களைப் பாதிக்கும். வலி தோன்றினால் பயிற்சியை நிறுத்துவதே முறையாகும். வலி நீடிப்பின் மருத்துவரை அணுக வேண்டும். எரிக்சன் ஆய்ந்த சிறந்த மாணவர்கள் பயிற்சிக்கு இடையே ஓய்வெடுத்தனர்; பகலில் துயிலவும் செய்தனர். ஓய்வும் சாதகத்தின் ஒரு பகுதியே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- கருநாடக இசை
- அரையர் சேவை
- திருப்பாவை
- காவடிச் சிந்து
- கொன்னக்கோல்