நிறத்தை உருவினால் 1943 வந்துவிடுமா?

போர்க்காலக் கருப்பு வெள்ளைத் தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவர ஃபிலிமும் லென்ஸும் மட்டும் போதாது. அந்தமானில் அதற்கு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் அறியப்பட்டு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரின் கடலோரப் பகுதி மின்னி பே. எதிரே நீலக் கடல், அதற்கு மேல் இன்னும் அடர்ந்த நீலத்தில் வானம், பின்னால் மழையில் குளித்த பச்சை. கண்ணைப் பறிக்கும் இந்த நிறங்களைக் கைப்பேசியில் ஒரே தட்டலில் உருவிவிடலாம். கூடவே கொஞ்சம் பழுப்பு, நாலு கீறல், ஓரத்தில் கருமை. 'போர்க்காலப் படம்' தயார்.

தயாரா? பழைய படங்களைக் கூர்ந்து பார்த்துப் பழகியவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். முதல் தவறு அந்தப் பழுப்புதான். பழுப்பேற்றிய பிரிண்ட்கள் முந்தைய தலைமுறை ஸ்டுடியோக்களின் மோகம். இரண்டாம் உலகப் போரின் செய்திப் படங்கள் பெரும்பாலும் பளபளப்பான தாளில், சுத்தமான கருப்பு வெள்ளையில் அச்சிடப்பட்டவை. இரண்டாவது தவறு, அளவுக்கு மீறிய புள்ளிகள். அமெரிக்கப் பத்திரிகை நிழற்படக்காரர்களின் தோளில் தொங்கிய ஸ்பீட் கிராஃபிக் கேமராவின் நெகடிவ் 4 அங்குலத்துக்கு 5 அங்குலம். அதிலிருந்து போட்ட பிரிண்டில் சட்டைத் தையலைக்கூட எண்ணலாம். போர்ப் படம் என்றாலே புள்ளி புள்ளியாக நினைவுக்கு வருவதற்குச் சின்ன 35 மி.மீ. ஃபிலிமும், படங்களை மலிவுத் தாளில் அச்சிட்ட செய்தித்தாள்களும் காரணம்.

உண்மையான போர்க்காலத் தோற்றம் பற்றாக்குறையில் பிறந்தது. அன்றைய வேகமான ஃபிலிமின் வேகமே இன்றைய கணக்கில் 100, 200 அளவுதான். கூரைக்கு அடியில் படமெடுக்க, ஒரு முறை எரிந்ததும் தூக்கி எறிய வேண்டிய ஃபிளாஷ் பல்பு தேவைப்பட்டது. ஸ்பீட் கிராஃபிக்கின் ஒரு ஹோல்டரில் இரண்டே ஷீட். எடுத்ததைத் திரும்பிப் பார்க்கும் வசதி கிடையாது. அதனால்தான் அந்தக் காலப் படங்களில் மனிதர்கள் விறைப்பாக, வரிசையாக, வெயிலைப் பார்த்து நிற்கிறார்கள். லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒளிச்சிதறலைத் தடுக்கும் பூச்சு இல்லை. வெளிச்சம் உள்ளே சிதறி, நிழல்களின் மேல் மெல்லிய திரையாகப் படிந்தது. 'சேவிங் பிரைவேட் ரயான்' (1998) படத்துக்காக ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி லென்ஸ்களின் பூச்சைச் சுரண்டி எடுக்கச் செய்தது இந்தத் திரைக்காகத்தான்.

நிறமும் விளையாடியது. சாதாரண மக்களின் கேமராக்களில் அப்போதும் ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சிவப்பு தெரியாது. உதடுகள் கருக்கும், மாநிறம் இன்னும் இருளும், நீல வானம் வெளுத்துவிடும். செய்திக்காரர்கள் பயன்படுத்திய பான்குரோமாட்டிக் ஃபிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். மஞ்சள் ஃபில்டர் போட்டால் வானத்தில் மேகம் எழும். இன்று டிஜிட்டலில் முதல் வகைத் தோற்றம் வேண்டுமானால் சிவப்பைக் குறைத்து நீலத்தையும் பச்சையையும் ஏற்ற வேண்டும். ஃபிலிமே வேண்டும் என்பவர்களுக்கு 2019-ல் இல்ஃபோர்டு நிறுவனம் ஆர்த்தோ ஃபிலிமை 35 மி.மீ. சுருளிலும் கொண்டுவந்தது. 1960-ல் தொடங்கப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் நாட்டுக்கே கருப்பு வெள்ளை ஃபிலிமும் தாளும் தந்த ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் மூடிக் கிடக்கிறது.

கேமரா விஷயத்தில் கவனமாக இருப்பவர்களும் அந்தமானில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பின்னணி. ஆலமர வேர்கள் பின்னிப் பிடித்த ராஸ் தீவின் இடிபாடுகள் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு) பார்த்தவுடன் 'போர்க்காலம்' என்று தோன்றும். ஆனால் போர்க்காலத்தில் அது அப்படி இல்லை. 1941 ஜூன் நிலநடுக்கம் தீவைச் சேதப்படுத்தியது உண்மை. என்றாலும் 1943 டிசம்பரில் சுபாஷ் சந்திர போஸ் தங்கும் நிலையில் தலைமை ஆணையரின் மாளிகை நின்றுகொண்டிருந்தது. வேர்கள் சுவரேறியது, மனிதர்கள் போன பிறகு. செல்லுலார் சிறையிலும் இதே கதை. ஏழு சிறகுகளுடன் கட்டப்பட்ட அதில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று. கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் உள்ள ஜப்பானிய கான்கிரீட் பதுங்கு அரண்கள் மட்டும் ஏமாற்றுவதில்லை. அவை அந்தக் காலத்தவையே.

தமிழ் சினிமா இந்த வித்தையை முன்பே செய்து பார்த்திருக்கிறது. ஷங்கரின் 'இந்தியன்' (1996) படத்தில் இந்திய தேசிய ராணுவ வீரரான சேனாபதி, கருப்பு வெள்ளையில் நேதாஜியின் பக்கத்தில் தோன்றினார். பழைய ஆவணப் படத்துக்குள் கமல் ஹாசனைப் புகுத்த, புதிய பிம்பத்தின் ஒளியையும் புள்ளியையும் பழையதற்கு இணையாக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்காக எஸ்.டி. வெங்கி தேசிய விருது வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு அவருக்கு அதே விருதைத் தந்தது, அந்தமான் சிறையைப் பற்றிய 'காலாபானி', அதாவது தமிழில் 'சிறைச்சாலை'. சினிமாவில் இது குற்றமில்லை. சேனாபதி கற்பனை என்று டிக்கெட் வாங்கியவருக்குத் தெரியும்.

தெரியாதபோதுதான் சிக்கல். போர்ப் படங்களே சில சமயம் மறு ஆக்கங்கள்தான். பெர்லினில் 1945 மே 2 அன்று ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி ஏறும் புகழ்பெற்ற படத்தை யெவ்கெனி கல்தேய் ஏற்பாடு செய்து எடுத்தார். பிறகு ஒரு வீரரின் கையில் இருந்த இரண்டாவது கடிகாரம் அழிக்கப்பட்டது. புகை சேர்க்கப்பட்டது.

அந்தமானின் படங்கள் இன்னும் நுட்பமாக ஏமாற்றக் கூடியவை. 1942 மார்ச் 23-ல் ஜப்பானியப் படை எதிர்ப்பின்றி இறங்கியது. 1943 டிசம்பர் 29-ல் வந்து சேர்ந்தார் போஸ். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. ஜப்பானிய அதிகாரிகள் சூழ அவர் செல்லுலார் சிறையைப் பார்வையிடும் படம் இன்றும் உலவுகிறது. அது போலி அல்ல. ஆனால் அந்த நேரத்தில் அதே சிறையின் இன்னொரு பகுதியில் சித்திரவதைக்கு ஆளாகிக் கிடந்தார் டாக்டர் திவான் சிங். போஸின் இயக்கத்தோடு இணைந்த இந்திய சுதந்திர லீகின் உள்ளூர்த் தலைவர் அவர். சுற்றிக்காட்டியவர்கள் அந்தப் பக்கம் அழைத்துப் போகவில்லை. 1944 ஜனவரி 14-ல் திவான் சிங் இறந்தார். ஜனவரி 30-ல் ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட 44 பேர் ஹம்ஃப்ரிகஞ்சில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிப்ரவரியில் ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் நிர்வாகப் பொறுப்பேற்க வந்த தமிழர் ஏ.டி. லோகநாதனிடம் பதவி இருந்தது. அதிகாரம் ஜப்பானியக் கடற்படையிடமே இருந்தது.

1945 அக்டோபர் 9-ல் அதே ஜிம்கானா மைதானத்தில் வைஸ் அட்மிரல் ஹாரா, பிரிகேடியர் சாலமன்ஸிடம் சரணடைந்தார். அதற்கும் படம் இருக்கிறது. வந்தவர்களும் வென்றவர்களும் கேமராவுக்கு முன் நின்றார்கள். ஹம்ஃப்ரிகஞ்சின் 44 பேரையும், போர் முடியும் தறுவாயில் படகில் ஏற்றிக் கடலில் தள்ளப்பட்ட நூற்றுக்கணக்கானவர்களையும் நினைவுபடுத்துவதற்கு மிஞ்சியது நினைவுச்சின்னமும் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களும்தான்.

இந்தத் தீவுகளில் போர்க்காலத் தோற்றத்தை மறுபடி உருவாக்க நினைப்பவருக்கு இதனால்தான் கூடுதல் பொறுப்பு வந்து சேர்கிறது. பொருத்தமான லென்ஸும் ஃபிலிமும் நல்ல பிரிண்டும் கிடைத்துவிட்டால், படம் உண்மை மாதிரி இருக்கும். எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அவ்வளவு ஆபத்து. வாட்ஸ்அப்பில் இரண்டு கை மாறினால் அது '1943-ல் எடுத்த அபூர்வப் படம்' ஆகிவிடும். சாட்சியம் குறைவாக உள்ள இடத்தில் ஒரு பொய்ச் சாட்சி வெகு தூரம் பயணம் செய்யும்.

இதற்கு ஃபிலிம் காலத்து ஆட்களிடமே எளிய மருந்து இருந்தது. பிரிண்டின் முதுகில் பென்சிலால் தேதியும் இடமும் எழுதிவைப்பார்கள். மின்னி பே கரையில் இன்று எடுக்கும் கருப்பு வெள்ளைப் படத்திலும் எடுத்த ஆண்டைப் பொறித்துவிட்டால் போதும். தோற்றம் பழையதாக இருக்கலாம். தேதி புதியதாகவே இருக்கட்டும்.