தொடுபலகை இயங்கவில்லை: வழு எங்கே?

"உள்ளீட்டுச் சாதனங்கள் இரண்டு தருக" என்று கேட்டால் வகுப்பில் எல்லோரும் எழுதிவிடுவீர்கள். விசைப்பலகை, சுட்டி. அதில் எனக்குக் கவலை இல்லை. ஆனால் "ஒரு மாணவி தனது மடிக்கணினியின் தொடுபலகையில் விரலை நகர்த்துகிறாள். திரையில் அம்புக்குறி அசையவில்லை. இதற்கான காரணங்கள் மூன்று தருக" என்று கேட்டபோது, முப்பத்தைந்து பேரில் பெரும்பாலானோர் எழுதிய விடை ஒன்றுதான்: "தொடுபலகை பழுதடைந்துள்ளது." வயிற்று வலி என்று போனவரிடம் "உமக்கு வயிற்றில் வருத்தம்" என்று வைத்தியர் சொன்னால் எப்படி இருக்கும்? அதே மாதிரியான விடைதான் இது. இதற்கு நான் புள்ளி வழங்குவதில்லை.

வழங்காததற்கு எனது சொந்த அனுபவமும் ஒரு காரணம். நான் தமிழும் புவியியலும் படித்த கலைப் பட்டதாரி. கணினியைப் பின்னர் ஒரு பாடநெறியிலும் மிகுதியைத் தட்டுத்தடுமாறியும் கற்றவன். சில வருடங்களுக்கு முன்னர், மீட்டற் கருத்தரங்கு ஒன்றுக்கு முதல் நாள், எனது மடிக்கணினியின் தொடுபலகை (பேச்சில் நாம் டச்பாட் என்பது) திடீரென நின்றுவிட்டது. கடைக்குக் கொண்டு ஓடினேன். திருத்துபவர் விரலால் இரண்டு தரம் தடவிப் பார்த்துவிட்டு, "சேர், இது மாற்றத்தான் வேணும், மூன்று நாள் வையுங்கோ" என்றார். அவர் சொன்ன தொகை எனது ஒரு மாத வகுப்புப் பணத்தில் கால்வாசி. மூன்று நாள் பொறுக்க முடியாததால் திரும்பி வந்து, அயல்வீட்டில் ஒரு சுட்டியை இரவல் வாங்கிக் கருத்தரங்குக்குப் போனேன். அங்கே தரம் 10 மாணவன் ஒருவன் எட்டிப் பார்த்து, "சேர், டச்பாட் ஓஃப் பண்ணிக் கிடக்குது" என்று சொல்லி விசைப்பலகையில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினான். அம்புக்குறி அசைந்தது. முழு மண்டபமும் சிரித்தது. அந்த இரண்டு விசைகள் எவை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

விரலிலிருந்து அம்புக்குறி வரை

வழுவைத் தேடுவதற்கு முன்னர் வேலை செய்யும் முறையை அறிந்திருத்தல் வேண்டும். தொடுபலகையின் மேற்பரப்பு ஒரு காவலிப் படை. அதன் கீழே மெல்லிய கடத்திகள் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் ஒரு வலைபோல அமைந்துள்ளன. விஞ்ஞானப் பாடத்தில் நீங்கள் படித்த கொள்ளளவியை நினைவுபடுத்துங்கள். இரு கடத்திகள், இடையே ஒரு காவலி. இந்த வலையில் கடத்திகள் ஒன்றையொன்று குறுக்கிடும் ஒவ்வோர் இடமும் ஒரு மிகச் சிறிய கொள்ளளவி போலத் தொழிற்படும். மனித உடல் மின்னைக் கடத்தவல்லது. ஆகவே விரல் மேற்பரப்பை அடைந்ததும் அவ்விடத்தில் கொள்ளளவம் மாறுகிறது. தொடுபலகையில் உள்ள கட்டுப்படுத்திச் சில்லு இம்மாற்றத்தைச் செக்கனுக்குப் பல தடவைகள் அளந்து, விரல் எங்கே உள்ளது, எத்திசையில் நகர்கிறது என்று கணிக்கிறது. அத்தரவு ஒரு மெல்லிய தட்டை வடத்தின் ஊடாகத் தாய்ப்பலகைக்குச் செல்லும். அங்கே சாதனச் செலுத்தி என்னும் மென்பொருள் (கடைக்காரர் டிரைவர் என்பார்) அதனைப் பணிசெயல் முறைமைக்கு விளங்கும் வடிவத்தில் கொடுக்க, அம்புக்குறி அசைகிறது.

பேனாவாலோ நகத்தாலோ தொட்டால் தொடுபலகை ஏன் உணர்வதில்லை என்பதற்கும் விடை இதிலேயே உண்டு. அழுத்தத்தை அல்ல, கொள்ளளவ மாற்றத்தையே அது உணர்கிறது.

ஒரு சிறு வரலாற்றுக் குறிப்பு. 1971 இல் வெளிவந்த இன்ரெல் 4004 நுண்முறைவழியாக்கியை நீங்கள் படித்திருப்பீர்கள். அதை வடிவமைத்தவர்களுள் ஒருவரான ஃபெடரிக்கோ ஃபஜினும் காவர் மீட் என்பவரும் 1986 இல் சினப்ரிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். மூளையின் நரம்பு வலையமைப்பை ஒத்த சில்லுகளை ஆராய்வதற்காகத் தொடங்கிய அந்நிறுவனம், பிற்காலத்தில் தொடுபலகைகளுக்குப் பெயர்பெற்றதாயிற்று. 1991 இல் வந்த அப்பிளின் முதல் பவர்புக் மடிக்கணினிகளில் உருளும் பந்தே இருந்தது. 1994 இல் வந்த பவர்புக் 500 வரிசையிலேயே அந்நிறுவனம் தொடுபலகையைப் பொருத்தியது.

எங்கே அறுந்தது?

விரல், கடத்தி வலை, கட்டுப்படுத்தி, வடம், சாதனச் செலுத்தி, பணிசெயல் முறைமை, அம்புக்குறி. இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: அம்புக்குறி அசையவில்லை. ஆகவே "பழுதா?" என்று கேட்காமல் "எந்தக் கண்ணி?" என்று கேட்க வேண்டும். காசு செலவாகாத சோதனையை முதலில் செய்ய வேண்டும்.

முதலில் வெளியிலிருந்து ஒரு சுட்டியைப் பொருத்திப் பாருங்கள். அதுவும் அம்புக்குறியை அசைக்கவில்லையா? கப்ஸ் லொக் விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணையாவிட்டால் கணினியே உறைந்துபோயிருக்கக்கூடும், தொடுபலகையில் குற்றமில்லை. ஆளியைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடித்து நிறுத்தி, மீண்டும் தொடக்க வேண்டியதுதான். சுட்டி வேலை செய்தால் திரையும் பணிசெயல் முறைமையும் நலம். அறுந்த கண்ணி அவற்றுக்கு முன்னால் உள்ளது. ஒரேயொரு சோதனையில் சங்கிலியின் ஒரு பகுதியைக் கழித்துவிட்டோம் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து விரல். வியர்வைக் கையோடு, அல்லது சாப்பிட்டுக் கழுவிய ஈரக் கையோடு தொட்டால் கொள்ளளவம் தாறுமாறாக மாறி அம்புக்குறி துள்ளும். கணினியை நிறுத்திவிட்டு, சற்றே ஈரமான மெல்லிய துணியால் துடைத்து உலரவிடுங்கள். சார்ஜரைப் பொருத்தியிருக்கும்போது மட்டும் அம்புக்குறி நடுங்கினால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். புவித்தொடுப்பு இல்லாத இணைப்பிலும் தரங்குறைந்த சார்ஜரிலும் இது நடப்பதுண்டு. நமது வீடுகளில் மூன்றாவது துளைக்குள் பேனாவைச் செருகி இரண்டு முள் பிளக்கை மாட்டும் பழக்கம் இருக்கிறதே, அதைத் தொடுபலகைக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காக விட்டுவிடுங்கள்.

இப்போது என்னைச் சிரிப்புக்கிடமாக்கிய விசைகள். விசைப்பலகையின் மேல்வரிசை எஃப் விசைகளுள் ஒன்றில், குறுக்குக் கோடு போட்ட ஒரு சிறு தொடுபலகைப் படம் இருக்கும். எஃப்.என். என்ற விசையோடு சேர்த்து அதை அழுத்தினால் தொடுபலகை நிற்கும், மீண்டும் அழுத்தினால் இயங்கும். எந்த எண் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். மனனம் செய்யாதீர்கள், படத்தைத் தேடுங்கள். சில மாதிரிகளில் தொடுபலகையின் இடப்புற மேல் மூலையை இரண்டு தரம் தட்டினாலும் அது நிற்கும்.

அதுவும் இல்லையெனில் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். அம்புக்குறி இல்லாமல் எப்படி? விண்டோஸ் விசையையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செற்றிங்ஸ் திறக்கும். தாப் விசையாலும் அம்பு விசைகளாலும் நகர்ந்து, டிவைசஸ் பகுதியில் டச்பாட் என்பதை அடையலாம். சுட்டி பொருத்தப்பட்டிருக்கும்போதும் தொடுபலகை இயங்கலாமா என்று கேட்கும் ஒரு தெரிவும் அங்கே உண்டு. அதில் சரி அடையாளம் எடுபட்டிருந்தால், கம்பியில்லாச் சுட்டியின் சிறு வாங்கி பின்பக்கத்தில் மறந்து கிடந்தாலே போதும், தொடுபலகை நின்றுவிடலாம்.

சாதனச் செலுத்தியின் வழு பெரும்பாலும் இற்றைப்படுத்தலின் பின்னர் தலைகாட்டும். நேற்று வரை நன்றாக இருந்தது, இரவு அப்டேற் ஆனது, காலையில் இல்லை என்றால் சந்தேகம் இங்கேதான். விண்டோஸ் விசையுடன் எக்ஸ், பின்னர் எம் அழுத்தினால் டிவைஸ் மெனேஜர் வரும். அங்கே செலுத்தியை முந்திய பதிப்புக்கு மாற்றலாம், அல்லது நீக்கிவிட்டுக் கணினியை மீளத் தொடக்கலாம். விண்டோஸ் தானே பெரும்பாலும் அதைத் திரும்ப நிறுவிக்கொள்ளும். வன்பொருளா மென்பொருளா என்று அறிய இன்னொரு வழி: உபுண்டு போன்ற இலவசப் பணிசெயல் முறைமை ஒன்றை யூ.எஸ்.பி. நினைவகத்திலிருந்து, நிறுவாமலே தொடக்கிப் பார்த்தல். அங்கே தொடுபலகை இயங்கினால் வன்பொருள் நலம், குற்றம் விண்டோஸ் பக்கத்தில். அங்கேயும் இயங்காவிட்டால் பயோஸ் அமைப்பில் அது முடக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துவிட்டு, அதன் பின்னரே தட்டை வடத்தையும் தொடுபலகையையும் சந்தேகியுங்கள். அது கடையில் செய்யும் வேலை.

கட்டாயம் நிறுத்த வேண்டிய ஒரு சந்தர்ப்பம்

மேலே சொன்ன எதையும் செய்யக்கூடாத ஒரு நிலை உண்டு. கடந்த தொகுதி மாணவி ஒருத்தி, அண்ணன் பாவித்த பழைய மடிக்கணினியில் படித்துவந்தாள். எந்நேரமும் சார்ஜரில் செருகியபடியே கிடக்கும் கணினி. முதலில் கிளிக் அழுத்த முடியவில்லை. பிறகு தொடுபலகை ஒரு பக்கம் சற்று மேலெழும்பி வந்தது. பிள்ளை என்ன செய்தாள்? அகராதியையும் உலகப்பட நூலையும் அதன்மேல் அடுக்கி இரவு முழுவதும் பாரம் வைத்தாள், சார்ஜரையும் கழற்றாமல். மறுநாள் வகுப்பில் அவள் இதைச் சாதாரணமாகச் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது.

தொடுபலகையில் ஒரு குற்றமுமில்லை. பல மடிக்கணினிகளில் அதற்குக் கீழேயும் கை வைக்கும் பகுதிக்குக் கீழேயுமே இலிதியம் அயன் பற்றரி தட்டையாகப் படுத்திருக்கும். பழையதாகிய, அல்லது அதிக வெப்பத்திலும் நீண்டகாலம் முழு மின்னேற்றத்திலும் இருந்த கலங்களுக்குள் இரசாயனத் தாக்கங்களால் வாயு உண்டாகிறது. கலத்தின் மெல்லிய உறை பலூன்போல ஊதுகிறது. ஊதிய பற்றரி மேலே இருப்பதைத் தள்ள, முதலில் தொடுபலகை இறுகுகிறது. அத்தகைய கலத்தின்மேல் பாரம் வைத்தாலோ குத்தினாலோ உள்ளே குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றக்கூடும். அந்தப் பிள்ளை படிக்கும் மேசை, தங்கை படுக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில்.

அடையாளங்கள் இவை: தொடுபலகை கிளிக் ஆகாமல் இறுகும் அல்லது மேலெழும்பும், கவசத்தின் ஓரத்தில் இடைவெளி தெரியும், சமதள மேசையில் வைத்தாலும் கணினி ஆடும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சார்ஜரைக் கழற்றி, கணினியை நிறுத்தி, எரியக்கூடிய பொருட்களிலிருந்து விலக்கி வையுங்கள். அழுத்த வேண்டாம், திறக்க வேண்டாம். பெரியவர் ஒருவரிடம் சொல்லிக் கடைக்கு அனுப்புங்கள். கழற்றிய பற்றரியைக் குப்பை வாளியில் போடவும் கூடாது. அம்மாணவியின் தந்தை அன்று மாலையே கொண்டுபோனார். பற்றரி மட்டும் மாற்றப்பட்டது. தொடுபலகை தானாகவே பழைய இடத்துக்கு இறங்கி, இன்றுவரை வேலை செய்கிறது.

மாதிரி வினா

ரவியின் மடிக்கணினியில் தொடுபலகை இயங்கவில்லை. வெளிச் சுட்டி இயங்குகிறது. உபுண்டுவில் தொடக்கியபோது தொடுபலகையும் இயங்குகிறது. வழு வன்பொருளிலா மென்பொருளிலா? காரணம் தருக. அவன் அடுத்துச் செய்ய வேண்டிய இரண்டு செயல்களைக் குறிப்பிடுக. (4 புள்ளிகள்)

விடை: மென்பொருளில் (1). வேறொரு பணிசெயல் முறைமையில் அதே தொடுபலகை இயங்குவதால் (1). விண்டோஸ் அமைப்புகளில் தொடுபலகை செயற்படுத்தப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் (1), சாதனச் செலுத்தியை மீள நிறுவுதல் அல்லது முந்திய பதிப்புக்கு மாற்றுதல் (1). காரணத்தை எழுதாமல் "மென்பொருள்" என்று மட்டும் எழுதியவர்கள் ஒரு புள்ளியை இழப்பார்கள். "தொடுபலகையை மாற்றுதல்" என்று எழுதியவர்கள் ரவியின் தந்தைக்குக் கடைக் கணக்கையும் அனுப்பிவைக்கவும்.