கத்தியும் தீட்டுகல்லும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் சொற்ப விலைக்கு வாங்கிய எவர்சில்வர் கத்தியும், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய ஜப்பானியக் கத்தியும் இன்று ஒரே சமையலறையில் இருத்தல் கூடும். விலையுயர்ந்த கத்தியைத் தீட்டவே வேண்டியதில்லை என்று கருதுவோர் பலர். அது சரியன்று. நல்ல கல்லில் முறையாகத் தீட்டினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கூர்மையை அடையும். அதிக விலைக்குக் கிடைப்பது, அக்கூர்மை நெடுநாள் நிலைத்திருத்தலே.

இதற்குக் காரணம் எஃகின் கடினத்தன்மை. ராக்வெல் 'சி' அளவையில் மலிவான எவர்சில்வர் கத்தி பெரும்பாலும் 52 முதல் 55 வரை இருக்கும். சிறந்த ஜப்பானியக் கத்தி 60-ஐத் தாண்டும். மென்மையான விளிம்பு சேனையையோ நேந்திரங்காயையோ அரியும்போது விரைவில் மடங்குகிறது. கடினமான விளிம்பு எளிதில் மடங்காது. ஆனால் எலும்பில் பட்டால் உடைந்து பல்விழும். மழுங்கிய கத்தி சாதுவானது என்று எண்ணலாகாது. அதனை அழுத்தி அரிய நேர்வதால், அது வழுக்கி விரலில் பாய்கிறது.

எஃகைத் தேய்க்க அதனினும் கடினமான துகள் வேண்டும். குமரி மாவட்டத்துப் பனையேறிகள் வெங்கச்சங்கல் தூளை மரப்பலகையில் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டினர். மோஸ் அளவையில் அக்கல்லின் கடினம் 7. குருந்தக்கல்லின் கடினம் 9. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என வழங்கும் பெயர் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்தே பிறந்தது. இக்காலத் தீட்டுகற்களில் உள்ளவை பெரும்பாலும் மின் உலையில் ஆக்கிய குருந்தமும், 1891-இல் அமெரிக்கராகிய ஆச்சிசன் கண்டறிந்த சிலிக்கன் கார்பைடுமே. 1954-இல் சென்னையில் நிறுவப்பெற்ற கார்போரண்டம் யூனிவர்சல் நிறுவனம் கொச்சிப் பகுதியில் இத்தகைய பொருள்களை ஆக்கி வருகிறது.

கல்லில் குறிக்கப்படும் எண் பெருகப் பெருகத் துகள் நுண்மையாகும். மலிவான கத்திக்கு 1000 எண் கல்லே போதும்; அதன் மென்மையான விளிம்பில் மிக நுண்ணிய மெருகு நிலைப்பதில்லை. உயர்ந்த கத்தியை 3000 எண் கல்லிலும் தேய்க்கலாம். முன்னதற்கு 20 பாகை, பின்னதற்கு 15 பாகை சாய்வு தகும். 40 மில்லிமீட்டர் அகலமுள்ள கத்தியாயின் அதன் முதுகு கல்லிலிருந்து முறையே 14, 10 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். இவ்வுயரம் மாறாமையே இத்தொழிலின் உயிர்நிலை; கல்லின் விலை அடுத்ததுதான்.

கல்லை நீரில் நனைத்து, ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், மறுபக்கத்து விளிம்பில் நுண்ணிய பிசிறு எழும். அது அடிமுதல் நுனிவரை விரலுக்குத் தட்டுப்பட்ட பின்னரே கத்தியைத் திருப்ப வேண்டும். இதனை விளிம்பின் குறுக்கே தடவி அறிதல் வேண்டும், நெடுக்கே தடவலாகாது. ஈற்றில் இருபுறமும் மாறிமாறி இலேசாக இழுத்தால் பிசிறு நீங்கும்.

தெருவில் வரும் சாணைக்காரரின் சக்கரம் வேலையை விரைவில் முடிக்கும். ஆயினும் நீரின்றிச் சுழலும் கல்லில் மெல்லிய விளிம்பு பெரிதும் சூடேறுகிறது. விளிம்பில் நீலநிறம் தோன்றினால் அவ்விடத்தில் எஃகின் பதம் கெட்டுவிட்டது என்பது பொருள். தேங்காய் வெட்டும் வெட்டுக்கத்திக்கு அச்சக்கரம் பொருந்தும். உயர்ந்த கத்தியை அதனிடம் கொடாதிருத்தல் நன்று.

கொல்லர் அடித்த இரும்புக் கத்தியாயின், இவ்வூரின் ஈரக்காற்றில் ஓரிரவிலேயே துருவேறக்கூடும். தீட்டியவுடன் துடைத்து, தேங்காயெண்ணெய் சிறிது தடவி வைக்க வேண்டும்.