ஊரும் ஆட்டமும் – 9: பழையனூரின் நெல்

நகரங்களைக் கட்டி வளர்க்கும் கணினி விளையாட்டுகளில் ஆட்டக்காரர் முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, கையிலிருக்கும் நிலத்தையும் ஆட்களையும் கொண்டு ஓர் ஊரையே பெரிதாக வளர்ப்பதா, சிற்றூர்கள் பலவற்றைப் பரப்பி வைப்பதா என்னும் கேள்வியாகும். 1991இல் சிட் மெய்யரின் பெயரோடு வெளிவந்த ‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தில் ஓர் ஊர், தான் அமர்ந்த கட்டத்தையும் சேர்த்துச் சுற்றியுள்ள 21 கட்டங்களின் விளைச்சலை மட்டுமே எடுத்துக்கொள்ள முடிந்தது. மக்கள்தொகையின் ஒவ்வோர் அலகும் இரண்டு அலகு உணவு உண்டது. ஆகவே ஊரின் அளவை அரசரின் விருப்பத்தைவிட அதைச் சூழ்ந்த வயலே தீர்மானித்தது. அந்த வரிசையில் 2025 பிப்ரவரியில் வந்த ஏழாவது ஆட்டம் இக்கணக்கை ஒரு படி மேலே கொண்டுபோயிற்று. அதில் தலைநகர் நீங்கலாகப் புதிதாக நிறுவப்படும் ஊர்கள் எல்லாம் சிற்றூராகவே தொடங்குகின்றன. ஓரளவு வளர்ந்தபின் ஒரு சிற்றூரை உழவுக்கோ சுரங்கத்துக்கோ வணிகத்துக்கோ உரியதென ஒதுக்கிவிட்டால், அது தான் வளர்வதை நிறுத்திக்கொண்டு, தன் உணவைத் தன்னோடு தொடர்புள்ள நகரத்துக்கு அனுப்பத் தொடங்குகிறது. மொத்த ஊர்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு உண்டு. அதை மீறினால் குடிகளின் மகிழ்ச்சி குறைகிறது.

இந்த ஆட்டத்தில் ஆட்டக்காரர் தேர்ந்துகொள்ளக்கூடிய நாகரிகங்களுள் சோழரும் ஒருவர் என்பது தமிழ் வாசகருக்குத் தனி அக்கறை தரும் செய்தி. ஆனால் சிற்றூரை உணவூட்ட ஒதுக்கும் அந்த விதியை ஆட்டம் கண்டுபிடிக்கவில்லை. ஓர் ஊரை மற்றோரிடத்துக்கு உணவூட்டும் ஊராக ஒதுக்கும் முடிவைச் சோழ அரசு எழுத்தில் பதித்து வைத்திருக்கிறது, அதுவும் திருத்தணிக்கு அருகிலுள்ள திருவாலங்காட்டில்.

1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 இதழ்கள் கொண்டவை. வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியுமாக அமைந்தவை. வடமொழிப் பகுதி சோழர் குலவரலாற்றைப் பாடுவதால் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அதையே எடுத்தாளுகின்றன. ஊர்களின் வரலாற்றை அறிய விரும்புவோருக்கோ தமிழ்ப் பகுதியே புதையல். முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1018இல், பழையனூர் என்னும் ஊர் திருவாலங்காட்டு மகாதேவர்க்குத் தேவதானமாக, அதாவது கோயில் நிலமாக, அளிக்கப்பட்டதை அது பதிவு செய்கிறது. பழையனூர் அதற்குமுன் சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாரின் பிரமதேயமாக, அதாவது பிராமணருக்குக் கொடையாக விடப்பட்ட ஊராக, இருந்தது. அந்த நிலையிலிருந்து அதை நீக்கி, உழுகுடிகள் அரசுக்கு இறை செலுத்தும் ‘வெள்ளான் வகை’ ஊராக மாற்றி, அந்த இறையைக் கோயிலுக்குத் திருப்பிவிட்டார்கள். ஒரு நாட்டுக்கே, அதாவது ஊர்கள் பல சேர்ந்த வட்டாரத்துக்கே, பெயர் தந்த ஊர் பழையனூர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தலைமையூராக நின்ற பெயரை வைத்துக்கொண்டே அது பக்கத்துக் கோயிலுக்கு நெல் அளக்கும் ஊராயிற்று.

அளக்க வேண்டியது எவ்வளவு என்பதும் எழுதப்பட்டிருக்கிறது: 3,288 கலம், 7 குறுணி, 5 நாழி நெல்; அதனுடன் 193 கழஞ்சு, 1 மஞ்சாடி, 1 மா பொன். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்பது வாய்பாடு. அப்படியானால் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட நாழி நெல்லுக்குக் கணக்கெழுதியவர்கள் கடைசி ஐந்து நாழியையும் விட்டுவிட மனமின்றி எழுதியிருக்கிறார்கள். நிலத்தை நுணுக்கமாக அளந்தவர்களால்தான் இத்தகைய தொகையைச் சொல்ல முடியும்.

அந்த அளவையின் உள்முறையைத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. அங்கே ஓர் ஊரின் மொத்த நிலத்தைச் சொன்னபின், இறை கட்டாத நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிக்கப்படுகின்றன: ஊர்நத்தம், கோயில்கள், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. எஞ்சுவதே விளைநிலம். மனிதர் குடியிருக்கும் இடம் இந்தக் கணக்கில் விளைச்சலிலிருந்து கழியும் பகுதியாகவே வருகிறது; வீடு பெருகினால் வயல் சுருங்கும். ஏழாவது ஆட்டத்திலும் வயலாக இருந்த கட்டத்தின்மேல் கட்டடம் எழுப்பினால் அந்த வயல் மறைந்து, நகர்ப்பகுதி ஒரு கட்டம் கூடுகிறது. ஆனால் ஆட்டத்தில் மக்கள் ஒரே நிறத்து அலகுகள். கல்வெட்டிலோ சேரிகள் தனித்தனியாகப் பிரிந்தே நிற்கின்றன. ஓர் ஊர் எவ்வளவு பெரியது என்று அளந்த அதே கோல், அந்த ஊருக்குள் யார் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் வகுத்திருந்தது. ஊரமைப்பைப் பாராட்டி எழுதுவோர் இந்த வரிகளைத் தாண்டிப் போவது நேர்மையாகாது.

ஊரின் வெளியெல்லை பெண்யானையைக் கொண்டு குறிக்கப்பட்டது. பிடி சூழ்தல் எனப்பட்ட இச்சடங்கில் நாட்டார் உடன்வர, யானை எல்லையைச் சுற்றி நடந்தது. அது நடந்த வழியில் கல்லும் கள்ளியும் நடப்பட்டன. கள்ளியைத் தேர்ந்ததில் உழவரின் அறிவு தெரிகிறது: ஆடு மாடு மேயாது, நீர் ஊற்ற வேண்டாம், கல்லைப் பெயர்த்தாலும் அதன் பக்கத்தில் வேர் நிற்கும். ஆட்டத்தில் ஊர் வளர வளர எல்லைக்கோடு தானே நகர்ந்துகொள்ளும். பழையனூருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நான்கு புறமும் அண்டை ஊர்களின் நிலங்கள் இருந்தன, அவ்வெல்லைகளை விவரிக்கவே செப்பேடு நெடுந்தூரம் செல்கிறது.

மற்றொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. ஒதுக்கிய சிற்றூரை, பொன் சேர்ந்தவுடன், ஆட்டக்காரர் நகரமாக மாற்றிக்கொள்ளலாம். செப்பேட்டின் இறையோ மாறாது நிற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு செம்பில் வெட்டப்பட்டது. அந்த நெல்லைப் பெற்ற திருவாலங்காடும் பெருநகரமாகிவிடவில்லை. இரத்தின சபை என்று பெயர்பெற்ற நடராசர் சன்னிதியும், காரைக்கால் அம்மையாரின் நினைவும், சென்னை–அரக்கோணம் தடத்தில் ஒரு ரயில் நிலையமும், ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்ற நிலையும் அதற்கு உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது மாநில எல்லைதான் இடம் மாறியது. பழையனூர் இன்றும் திருவாலங்காட்டின் பக்கத்தில், அதே பெயரோடு, ஒரு சிற்றூராக இருக்கிறது.

இப்படிப் பல ஊர்களின் நெல்லை ஒரே கோயிலுக்குத் திருப்பிய தஞ்சையின் கணக்கை அடுத்த பகுதி விரிவாக எடுத்துக்கொள்ளும்.